சிவப்பு எரிந்தால் குக்கர்

பால்கனியில் இருந்த ரோஜாச் செடிக்குத் தானாகவே தண்ணீர் ஊற்றும் ஓர் ஏற்பாட்டை அப்பா ஒருமுறை செய்தார். மண்ணில் குத்தி வைத்த இரண்டு கம்பிகள், ஈரம் குறைந்ததும் தகவல் சொல்லும். உடனே ஒரு சின்ன மோட்டார் பக்கெட்டிலிருந்து தண்ணீரை இழுத்துத் தொட்டியில் விடும். கம்பிகள் ஒழுங்காகத்தான் தகவல் சொல்லின. போதும் என்று சொல்லத்தான் அவற்றுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு நாங்கள் திரும்பியபோது பக்கெட் காலி. கீழ்வீட்டு அக்கா வாசலில் காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாடு மறுபடியும் நீந்தத் தயாராக இருந்தது.

“உங்க ரோசாவுக்குத் தாகம் எடுத்தா எங்க கருவாடு இன்னாண்ணா பண்ணும்?” என்று அந்த அக்கா கேட்டார். அப்பா மன்னிப்புக் கேட்டார். மாடிக்கு வந்ததும், கம்பியை இன்னும் எவ்வளவு ஆழம் இறக்கியிருக்க வேண்டும் என்று யோசிக்க உட்கார்ந்துவிட்டார். தோல்வி என்பது அவருக்கு அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான்.

கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அப்பா குமாஸ்தா. அலுவலகம் மவுண்ட் ரோட்டில். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பக்கத்திலிருக்கும், எலெக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடந்து போவார். மாலையில் வீட்டுக்கு வரும்போது அவருடைய சட்டைப்பையில் பஸ் டிக்கெட்டோடு சேர்ந்து குட்டிக் குட்டிப் பல்புகளும், கால் முளைத்த பூச்சிகள் மாதிரியான கறுப்புச் சில்லுகளும் இருக்கும். எங்கள் சாப்பாட்டு மேஜையில் பாதி அவருடையது. அந்தப் பாதியில் சால்டரிங் கம்பி, ஈயச் சுருள், மீட்டர், பிஸ்கட் டப்பாக்களில் திருகுகள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பேசும் வீடியோவைக் கம்ப்யூட்டரில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதேபோலச் செய்வார். அந்த வெளிநாட்டுக்காரர் வீட்டில் எல்லாம் வேலை செய்யும். சாந்தோமில் கடலுக்குப் போகிற சந்தில், முதல் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் அவ்வளவு சுலபமாகச் செய்யாது. உப்புக் காற்று மேல் அப்பா பழி போடுவார். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

அம்மா இந்த விஷயங்களில் தலையிட மாட்டாள். அவளுக்குத் தன் தையல் மெஷின் உண்டு, தான் உண்டு. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அம்மாவுக்குக் காது கேட்காது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டதாம். பேச்சு அப்படியே இருந்தது. ஆனால் தன் குரல் எவ்வளவு பெரியது என்பது அவளுக்கே தெரியாது. சத்தம் அதிகமானால் நான் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டுவேன். உடனே குறைத்துக்கொள்வாள். காதுக்கு வைக்கும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் ஃபேன், காக்கை, ஆட்டோ எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகக் கேட்கிறது, மனிதர் பேசுவது மட்டும் கேட்கவில்லை என்று அவள் அதைப் பீரோவில் வைத்துவிட்டாள்.

ஆகவே அந்த வீட்டில் காது என்றால் நான்தான். நான் பள்ளியிலிருந்து வந்த பிறகுதான் அம்மா நிம்மதியாகத் தையல் மெஷினில் உட்காருவாள். வாசல் மணி அடித்தால் ஓடிப் போய் அம்மாவின் தோளைத் தொட்டுச் சொல்வேன். குக்கர் விசில் அடிக்க அடிக்க மெஷினுக்கு முன்னால் நின்று ஒரு விரல், இரண்டு விரல் என்று காட்டுவேன். கோடைக்காலச் சாயங்காலத்தில் தண்ணீர் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தால், கீழ்வீட்டு அக்கா கத்துவதற்கு முன்பே குடங்களை எடுத்து வெளியே வைத்திருப்பேன். கீழ்வீட்டு அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மா தனியாகப் படியிறங்கி வந்தால், “இன்னாக்கா, காதை வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்பார். அம்மா அவர் உதட்டைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். என் வகுப்பில் பாட்டுப் பாடுகிறவர்கள் இருந்தார்கள், படம் வரைகிறவர்கள் இருந்தார்கள். ஒரு வீடே நம்பியிருக்கும்படியான உத்தியோகம் வேறு யாருக்கும் இல்லை.

அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் நாள் வந்தது. வழக்கம்போல, டீச்சர் சொல்வதை அம்மாவுக்குத் திருப்பிச் சொல்ல நானும் பக்கத்தில் நின்றேன். என்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் நானே திருப்பிச் சொல்லும் வசதி எனக்கு இருந்தது. கணக்கு டீச்சர் முடித்ததும் விளையாட்டு டீச்சர் வந்தார். இந்தப் பெண் நன்றாக ஓடுகிறாள், சாயங்காலம் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், வீட்டில் அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று சொல்லி வர மறுக்கிறாள், நீங்கள் கொஞ்சம் சொல்லக் கூடாதா என்று கேட்டார். நான் அம்மா பக்கம் திரும்பி, “நல்லா ஓடுறேனாம்” என்றேன்.

“சந்தோஷம் மிஸ்” என்று அம்மா அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நான் உள்ளங்கையைத் தாழ்த்தினேன்.

அதற்குப் பிந்தைய சனிக்கிழமை அப்பா ரிச்சி தெருவிலிருந்து வழக்கத்தைவிடப் பெரிய பையோடு வந்தார். பரணிலிருந்து ஒரு பழைய அலமாரித் தட்டை இறக்கி, தேய்த்து வழவழப்பாக்கி, மூன்று துளை போட்டார். மூன்றிலும் மூன்று நிறத்தில் விளக்கு வரும் என்றார். சிவப்பு எரிந்தால் குக்கர். பச்சை எரிந்தால் வாசல் மணி. மஞ்சள் எரிந்தால் தண்ணீர் லாரி. பலகை ஹால் சுவரில் மாட்டப்படும்.

எனக்கு விசித்திரமாகப் பட்டது பலகை அல்ல, அம்மா. ரோஜாத் தொட்டி மோட்டாரை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போதோ மெஷினை விட்டு எழுந்து வந்து மேஜையின் அந்தப் பாதியில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். நிறங்களை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். எந்த உயரத்தில் மாட்டுவது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். இருவரும் முகத்தோடு முகம் பார்த்து நிறையப் பேசினார்கள். அவர்கள் தனியாகப் பேசும்போது அப்பா குரலே எழுப்ப மாட்டார். உதட்டை மட்டும் அசைப்பார். அம்மாவும் அப்படியே பதில் சொல்வாள். மற்ற வீடுகளில் பெரியவர்கள் ரகசியம் பேச வேண்டுமானால் குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே பேசலாம். எனக்கு உதடு படிக்க வராது. காது நன்றாக இருந்தால் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள அவசியம் வருவதில்லை.

பலகை மாட்டிய முதல் நாள், சத்தத்தைக் கேட்டு வேலை செய்யும் ஒரு பொருளை அப்பா அடுப்புக்கு மேலே பொருத்தியிருந்தார். குக்கர் விசில் அடித்ததும் சிவப்பு எரிந்தது. அப்பா கை தட்டினார். பிறகு ஜன்னலில் காக்கை கத்தியது, சிவப்பு எரிந்தது. சந்தில் ஒரு பைக் ஹாரன் அடித்தது, சிவப்பு எரிந்தது. பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருவில் நுழைந்ததும் சிவப்பு விளக்கு திருவிழா கொண்டாடியது. அம்மா அதை நம்பி அடுப்பை அணைத்தாள். அன்றைய பருப்பு பல்லுக்கு வேலை வைத்தது. நான் மட்டும் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்பா ஒரு வாரம் அதன் திருகைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். காக்கைக்கு எரியாமல் செய்தால் விசிலுக்கும் எரியவில்லை. கடைசியில் அம்மாதான் பொறுக்க முடியாமல் வாய் திறந்தாள்.

“குக்கர் விசில் எனக்கு எப்படித் தெரியும்னு நெனச்சீங்க? ஆவியப் பாத்துதான எண்ணுறேன். நீங்க எதுக்கு அதுக்குக் காது வைக்கிறீங்க? கண்ணு வைங்க.”

அப்பா மேஜையிலிருந்து எழுந்தார். குளிர்பான டின் ஒன்றைக் கத்தரித்து, மெல்லிய தகடாக்கி, குக்கர் வெயிட்டுக்கு நேர்மேலே தொங்கவிட்டார். விசில் வரும்போது ஆவி தகட்டைத் தூக்கும். தகடு மேலே இருக்கும் கம்பியைத் தொடும். சிவப்பு எரியும். காக்கை எவ்வளவு கத்தினாலும் ஆவி வராது என்பதால் அது அன்றிலிருந்து தவறவே இல்லை.

எனக்கோ வேறு கவலை. அம்மாவின் முன்னால் போய் நின்று கேட்டேன். “அப்ப நான் எண்ணி எண்ணிச் சொன்னதெல்லாம்?”

“நீ சொன்னா நான் மெஷின விட்டு எழுந்திருக்க வேணாம்ல” என்றாள். நியாயமான பதில்தான். இருந்தாலும் என் உத்தியோகத்தில் ஒரு பகுதி கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

வாசல் மணி சுலபம். மணிக்குப் போகும் ஒயரிலிருந்தே ஒரு கிளை பச்சைக்கு இழுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது தண்ணீர் லாரி. அது எங்கள் சந்துக்குள் வராது, தெருமுனையில்தான் நிற்கும். என் காதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோது, அப்பா பால்கனி வழியாகக் கீழ்வீட்டு ஜன்னலுக்கு ஒரு ஒயரை இறக்கி, முனையில் ஒரு ஸ்விட்சை மாட்டினார். கீழ்வீட்டு அக்கா காலையில் மீன் விற்றுவிட்டு வந்தால் பிறகு நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தேகத்தோடு பார்த்தார்.

“இன்னாண்ணா, இதுலேந்தும் தண்ணி ஊத்துமா?”

ஊற்றாது, லாரி வந்தால் இதை அமுக்கினால் போதும், மேலே விளக்கு எரியும் என்று அப்பா விளக்கினார்.

“இப்பயும் கத்திக்கினுதான கீறேன், பொண்ணு ஓடியாருது” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். எதையோ புரிந்துகொண்டவர்போல, “சரி வுடு. அமுக்கினாப் போச்சு” என்று ஸ்விட்சை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். மாடியிலிருந்து அம்மாவின் குரல், “மஞ்சள் எரியுது” என்று தெருவுக்கே அறிவித்தது. உள்ளங்கையைத் தாழ்த்த நான் பக்கத்தில் இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா எனக்குத் தோசையைப் போட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து நீ ஓட்டப் பயிற்சிக்குப் போகிறாய் என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்னியைப் பார்த்தார்.

“யாரு சொன்னா?” என்றேன்.

“உங்க மிஸ்தான். உன் பக்கத்துல நின்னுதான சொன்னாங்க” என்றாள் அம்மா. “அவங்க வாய் நல்லாப் பெருசு. லிப்ஸ்டிக் வேற. எல்லாம் தெரிஞ்சுது.”

மாட்டிக்கொண்டதைப் பற்றி எனக்கு வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. “நான் போய்ட்டா கதவை யாரு தொறப்பா?” என்றேன்.

“நான் தொறப்பேன். பச்சை எரியும்.”

“கரண்ட் போனா?”

“பேட்டரி வெச்சிருக்கேன்” என்றார் அப்பா. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று விளக்கத் தொடங்கினார். நான் தோசையைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். இத்தனை நாள் அந்தப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்து அவர்கள் போட்ட திட்டம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று விளக்குகளை வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்து மைதானத்துக்குப் போனேன். என் வயதுப் பெண்கள் காலை நீட்டி மடக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு டீச்சர் என்னைப் பார்த்ததும் முதுகில் தட்டினார். முதல் ஓட்டத்தில் நான் கடைசியாக வந்தேன். இரண்டாவதில் கடைசிக்கு முந்தி. ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வாசலில் யாரோ மணி அடித்துக்கொண்டே நிற்பதுபோலத் தோன்றியது. அம்மா குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பாள். ஜாக்கெட் வாங்க வந்தவள் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். அடுப்பில் ஏதாவது கருகும். தெருமுனையில் எல்லோர் குடமும் நிறைந்து எங்கள் குடம் மட்டும் காலியாக நிற்கும். பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

வயிறு வலிக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி போ என்றார். கச்சேரி ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கியடித்த நேரம். புத்தகப் பை முதுகில் குதிக்க, பூக்கடைக்கும் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் புகுந்து ஓடினேன். டீச்சர் அதைப் பார்த்திருந்தால் போட்டிக்கு அப்போதே பெயர் கொடுத்திருப்பார். எங்கள் சந்துக்குள் திரும்பியபோது கீழ்வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்த சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். பதில் சொல்லாமல் படியேறினேன்.

கதவுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினேன். என்னிடம் சாவி இருந்தது. அம்மாவுக்கு மணி கேட்காது என்பதால் நான் அந்த மணியை அழுத்தியதே இல்லை. அன்றைக்கு அழுத்தினேன். திறக்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டே அழுத்தினேன்.

விரலை எடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

அம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்கவில்லை. “பச்சை எரிஞ்சுது” என்றாள். புடவைத் தலைப்பால் என் முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். அவளுடைய கை அன்றைக்கு ரொம்பச் சில்லென்று இருந்தது. லாரி வந்ததா என்று கேட்டேன். வந்தது, மஞ்சள் எரிந்தது, நான்கு குடமும் பிடித்தாகிவிட்டது என்றாள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். குடங்கள் நிறைந்திருந்தன. அடுப்பில் எதுவும் கருகவில்லை. நான் இல்லாமல் போனதற்கான அடையாளம் அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை.

ஒரே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எதிர்வீட்டு டீச்சரம்மாவின் நீல ஜாக்கெட், மறுநாள் காலையில் கொடுக்க வேண்டியது, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது எப்படி இருந்ததோ அப்படியே மெஷின் ஊசிக்கடியில் கிடந்தது. ஒரு கை வைத்திருந்தது, இன்னொரு கை வைக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் இருக்க வேண்டிய ஸ்டூல் ஹால் நடுவில் கிடந்தது.

நான் கண்டுபிடித்துவிட்டேன். அம்மா சுகம் கண்டுவிட்டாள். நான் இருந்தால் அது செய், இது செய் என்று சொல்லிக்கொண்டு தானும் வேலை செய்வாள். இப்போது எல்லாவற்றையும் விளக்குகள் பார்த்துக்கொள்வதால் ஸ்டூலை ஹாலில் போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நான் போய்ச் சொன்னேன். “அம்மா இன்னிக்கு ஒரு தையல்கூடப் போடல. சும்மா ஒக்காந்துட்டு இருந்தா.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலைப் பார்த்தார். “எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருந்தா?” என்று கேட்டார்.

இது என்ன கேள்வி என்று தோன்றியது. ஸ்டூல் கிடந்த இடத்திலிருந்து எதிரே இருந்தது ஒன்றுதான். “பலகையப் பாத்து” என்றேன்.

அம்மா அடுக்களை வாசலில் நின்று எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்து உதட்டை அசைத்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சாயங்காலம் முழுக்க அவளால் ஊசியைப் பார்க்கக் குனிய முடியவில்லை என்பதோ, மைதானத்தில் எனக்கு ஏதாவது ஆகி யாராவது வந்து அடிக்கும் மணியின் விளக்கு, குனிந்த அந்த நொடியில் எரிந்து அணைந்துவிட்டால் என்று அவள் பயந்தாள் என்பதோ, அவள் தோளைத் தொட்டுச் சொல்ல ஆள் இல்லாத முதல் சாயங்காலம் அது என்பதோ எனக்கு அப்போது தெரியாது.

அப்பா அலுவலகச் சட்டையோடே மேஜையில் உட்கார்ந்து டப்பாவைத் துழாவினார். இருந்ததிலேயே சின்னதாக, அரிசி அளவுக்கு ஒரு விளக்கை எடுத்தார். பலகையிலிருந்து தரையோரமாக ஒயரை இழுத்து வந்து, தையல் மெஷினின் தலையில், ஊசிக்குப் பக்கத்தில், துணியைப் பார்த்துக் குனிந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில் அதைப் பொருத்தினார். அம்மா வந்து ஸ்டூலை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னை வாசலுக்குப் போய் மணி அடிக்கச் சொன்னார்கள். போய் அடித்தேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் நின்றது, அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாயங்காலம் பூராவும் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்ததற்கு இவளுக்குத் தனியாக ஒரு விளக்கு வேறா என்று நினைத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை மணியை அழுத்தினேன்.